இழவு வீட்டுக்கு வந்த காளை

மாம்போங்,
ஞாயிறு மாலை

அன்புத் தங்கை அஃப்ரகோமாவுக்கு,

அண்ணன் அம்போஃபோ எழுதுகிறேன். நீ சுகமாக இருக்க வேண்டும். மாமாவின் காரியம் முடிந்ததிலிருந்து நீ என் போனை எடுப்பதில்லை. உன் மேல் தப்பில்லை, நானாக இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன்.

மாமாவைக் குறையில்லாமல் அடக்கம் செய்தோம். நீ ஏன் வரவில்லை என்று கேட்டவர்களிடமெல்லாம், “பள்ளிக்கூடத்துப் பக்கம் பந்தயக் கடையே கூடாதுன்னு தலைநகர் அக்ராவுல, சூதாட்ட வாரியத்துல உக்காந்து சட்டம் எழுதிட்டிருக்கா என் தங்கச்சி” என்று பீற்றிக்கொண்டேன். அந்த விதி வேண்டுமென்று உன்னைப் பிடுங்கி எடுத்ததே நான்தானே. பள்ளிக்கு எதிரே டாண்சோவின் பந்தயக் கடையில் என் மாணவர்கள் சாப்பாட்டுக் காசைக் கால்பந்துப் பந்தயத்தில் கட்டுவதைத் தலைமையாசிரியர் நாற்காலியிலிருந்து தினமும் பார்க்கிறவன் நான்.

அந்த டாண்சோதான் துக்கத்துக்கான கறுப்புத் துணி போர்த்திக்கொண்டு ஒரு காளையோடு வந்தான். நம் வீட்டில் அதற்குள் கறி பற்றாமல் போயிருந்தது. பக்கத்து இழவு வீட்டுப் பந்தலில் இரண்டு மாடு வெட்டியிருந்தார்கள். நம் அத்தை வேறு, “தாய்மாமன் சாவுல கோழிக் குழம்பா? வெளிய தலை காட்ட முடியுமாடா?” என்று காதைக் கடித்தாள். நான் காளையின் கயிற்றைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

யார் என்ன கொடுத்தார் என்று அறிவிக்கிற ஒலிபெருக்கிக்காரன் சும்மா இருப்பானா? “அக்ராவுல சூதாட்டச் சட்டம் எழுதுற நம்ம அஃப்ரகோமா அக்காவுக்காக, டாண்சோ ஐயா கொடுக்குறது ஒரு காளை!” என்று முழங்கினான். மேளம் அடித்தார்கள். வழக்கப்படி குடும்பமே வரிசையாகப் போய் அவனுக்கு நன்றி சொல்லிக் கைகுலுக்கியது. முதல் ஆள் நான். இரண்டு கையாலும் குலுக்கினேன். யாரோ அதைப் படம் பிடித்திருக்கிறார்கள்.

பந்தயக் கடைக்காரர்கள் அந்தப் படத்தை உன் மேலதிகாரிகளிடம் கொடுத்து, விதி எழுதுகிறவளே எங்கள் கறியைத் தின்றவள் என்கிறார்களாம். உன்னிடம் விளக்கம் கேட்டிருப்பதையும் வியாழக்கிழமைக் கூட்டத்தில் அந்த விதியையே தூக்கிவிடப் பார்ப்பதையும் ரேடியோவில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

உடனே டாண்சோவிடம் ஓடினேன். வேறு காளை வாங்கித் தருகிறேன் என்றேன். சிரித்தான். “செத்தவருக்குக் கொடுத்ததத் திரும்ப வாங்குனா ஊரு என் மூஞ்சில துப்பாதா சார்? உங்க மாமா எனக்கும் பெரியவருதான்” என்றான். அவன் சொன்னது நியாயம், அதுதான் சுடுகிறது. தின்று ஏப்பம் விட்டவன் வந்த வழியே திரும்பினேன். மறுநாள் காலை வழிபாட்டில் ஒழுக்கம் பற்றிப் பேச எழுந்தேன். பின்வரிசையில் எவனோ மாடு மாதிரிக் கத்தினான். அவனை அதட்டாமல் வகுப்புக்கு மணி அடிக்கச் சொன்னேன்.

வியாழக்கிழமை நான் அக்ரா வருகிறேன். காளையை வாங்கியவன் நான், கைகுலுக்கியவன் நான், என் தங்கைக்கு ஒன்றும் தெரியாது என்று கூட்டத்தில் எழுந்து சொல்லப்போகிறேன். அதனால் என் தலைமையாசிரியர் வேலை போனால் போகட்டும். நீ என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம். ஆனால் என் முட்டாள்தனத்துக்காக அந்த விதியை விட்டுவிடாதே அம்மா. அவன் கடையை மூடு, முதலில் அதையே மூடு.

கடவுள் உன் பேரைக் காப்பாற்றுவார். கூட்டத்தில் பேசி முடித்ததும் வெளியே வாசலில் கொஞ்ச நேரம் நிற்பேன். மாம்போங் பஸ் சாயங்காலம்தான்.

தலைகுனிந்து நிற்கும் உன் அண்ணன்,
அம்போஃபோ