பாதி வழியில் இறங்கிவிட்டோம், மாமா

என் ராசு மாமாவுக்கு,

நேற்று உங்கள் பேரை முதுகில் குத்திக்கொண்டு நானும் நம்ம மகள் ரம்யாவும் நடந்தோம். கிட்னி கெட்டவர்களுக்கு டயாலிசிஸ் மெஷின் வாங்க நிதி திரட்டுகிற நடை. அருள்புரத்தில் கிளம்பி நாலு நாள் தெற்கே போகிறார்கள். எனக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு, அதனால் முதல் நாளுக்கு மட்டும் பேர் கொடுத்தோம். யாருக்காக நடக்கிறோமோ அவர் பேரைத் துணியில் எழுதி முதுகில் ஊக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். அவரவர் ஆளுக்கு ஒரு கடிதமும் எழுதித் தந்தால் புத்தகமாகப் போடுவார்களாம். எனக்கு எழுத்து எவ்வளவு வரும் என்று உங்களுக்குத் தெரியும்.

காலையில் நன்றாகத்தான் இருந்தது. ரோட்டை விட்டு மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவே மண் தடத்தில் போனோம். பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் நின்று நின்று பழகிய புத்தி, முன்னால் போகிறவர்கள் பனியனில் தையல் கோணலையே பார்த்துக்கொண்டு நடந்தேன். கூட வந்த எங்கள் கம்பெனி சரசக்கா, "ஏஞ் சாந்தி, இங்கயும் பீஸ் பாக்கறயா? ஓவர்டைம் யாரு போட்டுக் குடுப்பா?" என்றார். உங்கள் மகள் அப்படிச் சிரித்தாள்.

மதியம் ஒரு தோட்டத்தில் மோர் கொடுத்தார்கள். ரம்யா அந்த வீட்டு பாத்ரூமுக்குப் போய் வந்தாள். முகமே சரியில்லை. என் காதோடு, "ஒண்ணுக்கு செவப்பாப் போகுதுங்ம்மா" என்றாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"மெரூன் பேண்ட் புதுசாச்சே கண்ணு. வேர்வைல கலர் எறங்கியிருக்கும்."

"இல்லீங்ம்மா. பீங்கான்லயே பாத்தேன்."

சரசக்கா, "வெயில் சூடு. ரெண்டு எளநி குடிச்சா செரியாப் போயிரும்" என்றார். அது என் காதில் ஏறவில்லை. கலர் என்று என் வாயிலிருந்து வந்தது உங்கள் பேச்சு, மாமா. சாயப்பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் காலையில் நீங்களும் இப்படித்தான் சொன்னீர்கள். "பயப்படாத புள்ள. நேத்து முச்சூடும் மெரூன் ஓட்டுனோம். தோல் வழியா உள்ள போன கலர் வெளிய வருது." நான் நம்பினேன். உங்கள் நகக்கண்ணில் என்றைக்குத்தான் கலர் இல்லாமல் இருந்தது? அடுத்த வாரம் பட்டறையில் கருப்புத் துணி ஓட்டினீர்கள். அப்போதும் சிவப்பாகத்தான் போனது, கலர்தான் என்றீர்கள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? ஆஸ்பத்திரிக்குப் போகையில் இரண்டு கிட்னியும் போயிருந்தது. பின்னாலேயே நீங்களும் போய்விட்டீர்கள்.

நடைக்குப் பின்னால் ஒரு வேனில் நர்ஸம்மா வந்துகொண்டிருந்தார். ரம்யாவை உட்கார வைத்துக் கேட்டார். "ரொம்ப நடந்தாக்கூட சில பேருக்கு இப்படிப் போகுமுங்க. ஆனா அதுதான்னு நாமளா முடிவு பண்ணக்கூடாது. அப்பாவுக்கு வேற இருந்திருக்குது. நடையை நிறுத்திட்டு நாளைக்கே டெஸ்ட் எடுத்துருங்க" என்றார்.

இவள் வேனில் ஏற மாட்டேன் என்றாள். "அப்பா பேரைக் குத்திக்கிட்டு பாதியில எறங்கறதுங்ளா? இன்னும் அஞ்சு கிலோமீட்டருதானுங்ம்மா."

"உங்கப்பா கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். ஏறு சாமி" என்று கையைப் பிடித்து ஏற்றினேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன், எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இந்தச் சத்தத்தை அன்றைக்கு உங்களிடம் போட்டிருக்கலாம்.

இன்று திங்கள். காலையிலேயே ரத்தமும் சிறுநீரும் கொடுத்துவிட்டோம். ரிப்போர்ட் நாலு மணிக்கு என்றார்கள். இப்போது இரண்டரை. லேப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்றைக்கு ஷிப்மெண்ட், சரக்கு போக வேண்டும் என்று சூப்பர்வைசர் இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார், நான் எடுக்கவில்லை. பக்கத்தில் ரம்யா செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், ஆனால் விரல் நகரவில்லை. இதையெல்லாம் புத்தகத்துக்கு எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்ம்மா. படிக்கறவங்க யாராச்சும் கலருன்னு நெனச்சு உக்காராம டாக்டருகிட்ட போவாங்கல்ல" என்றாள்.

உள்ளேயிருந்து அவ்வப்போது யாராவது வெள்ளைக் கவரில் ரிப்போர்ட்டோடு வெளியே வருகிறார்கள். நமக்கு இன்னும் நேரமாகவில்லை என்று தெரிந்தும் ஒவ்வொரு தடவையும் எழுந்து நிற்கிறேன்.

நாலு மணிக்கு என்ன சொன்னாலும் இவளை விட மாட்டேன், மாமா. டாக்டர் வரச்சொன்ன நாளில் கூட்டிக்கொண்டு போய் நிற்பேன். அன்றைக்கு ஷிப்மெண்டாக இருந்தாலும் சரி, நோம்பி பண்டிகையாக இருந்தாலும் சரி. இது சத்தியம்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். கருப்பு ஓட்டின வாரமும் அது கலர்தான் என்று சொன்னீர்களே. நிஜமாகவே நம்பித்தான் சொன்னீர்களா, இல்லை, நான் பயந்துபோவேன் என்று சொன்னீர்களா?

உங்கள் சம்சாரம், ரம்யாவின் அம்மா,
சாந்தி