மாத்திரையை நிறுத்தவில்லை

பத்துபஸ்தி,
போர்ட் பிளேர்.

அன்புள்ள கௌதம் அப்பாவுக்கு,

உமா எழுதுவது. நலம் என்று எழுதத்தான் ஆசை. பொய் எழுதக் கை வரவில்லை. போனில் பேசினால் உங்கள் அண்ணன் வீட்டில் எப்போதும் பக்கத்தில் யாராவது இருக்கிறார்கள். அதனால் கப்பலில் மெயின்லேண்ட் வரும் காத்தமுத்து அண்ணனிடம் கவரை ஒட்டிக் கொடுத்தனுப்புகிறேன். தனியாக இருக்கும்போது படியுங்கள்.

முதலில் நல்ல சேதி. கௌதமுக்கு ரத்தம் பார்த்தார்கள். அவனுக்கு எச்.ஐ.வி. இல்லை, எங்கள் ரெண்டு பேரில் எனக்கு மட்டும்தான். ரிசல்ட்டைக் கேட்டதும் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவன் ஜூஸ் கேட்டான், வாங்கிக் கொடுத்தேன். மற்றபடி இங்கே குழாயில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வருகிறது.

எனக்குத்தான் பயமாகப் போய்விட்டது. எச்.ஐ.வி. மாத்திரை தொடங்கிய புதிதில் நன்றாகப் பசித்தது. மூன்றாவது வாரம் காய்ச்சல். கழுத்தில் ஒரு பக்கம் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கி, எச்சில் விழுங்கவே வலித்தது. அப்போதுதான் நீங்கள் போனில், "அந்த மாத்திரைதான் உன்னக் கொல்லுது, தூக்கிப் போடு" என்றீர்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மாத்திரை சாப்பிடாதவரை நன்றாகத்தானே இருந்தேன்? டப்பாவைத் திறந்து குப்பைக் கூடைக்கு மேல் பிடித்துவிட்டேன். கௌதம் பார்த்துக்கொண்டே நின்றான். நான் போய்விட்டால் இவனுக்கு யார் என்ற நினைப்பு வந்ததும், டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்தேன்.

கழுத்தில் ஊசி குத்தி எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். டி.பி. என்று வந்தது. டாக்டர், "டரோ மத், தவாய் பந்த் மத் கர்னா" என்றார். பயப்படாதே, மருந்தை நிறுத்தாதே என்று. நர்ஸ் விஜயகுமாரி தமிழ்ப் பெண். அவர்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார்: "டி.பி. இந்த மாத்திரையால வரலக்கா. முன்னாடியே உள்ள ஒளிஞ்சிருந்தது. கிருமியப் பிடிச்சு முழுங்குற வெள்ளை அணுக்கள் உங்க உடம்புல சோர்ந்து கெடந்துச்சு. அதான் ஒண்ணும் தெரியல. மாத்திரை எச்.ஐ.வி.ய அடக்கினதும் அதுங்க முழிச்சுக்கிட்டு டி.பி.யோட சண்டை போடுது. அந்தச் சண்டைதான் இந்த வீக்கம்." எல்லோருக்கும் இப்படி ஆகாதாம். சிலருக்கு அந்தச் சண்டையே ஆபத்தாகவும் முடியுமாம். அதையும் மறைக்காமல் சொன்னார்.

அட்மிட் செய்து டி.பி. மருந்தும், வீக்கம் தணிய மாத்திரையும் கொடுத்தார்கள். பழைய மாத்திரையை நிறுத்தவில்லை. நான் ஆஸ்பத்திரியில் இருந்தவரை கௌதமைப் பக்கத்து வீட்டு அழகம்மா அக்கா பார்த்துக்கொண்டார். இப்போது வீட்டில் இருக்கிறேன். காய்ச்சல் விட்டுவிட்டது. வீக்கம் பாதிதான் வற்றியிருக்கிறது. எழுந்ததும் கழுத்தைத்தான் முதலில் தடவிப் பார்க்கிறேன்.

என் பயம் இப்போது உங்கள் மேல் திரும்பியிருக்கிறது. "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்று ரத்தம் கொடுக்காமலே கப்பல் ஏறினீர்கள். நானும் கல்லு மாதிரிதான் இருந்தேன். போனில் நாலு வார்த்தைக்கு ஒருமுறை இருமுகிறீர்கள். கேட்டால் ஊர்க் குளிர் என்கிறீர்கள். உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், அங்கே கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் ரத்தமும் சளியும் கொடுங்கள். யாருக்கும் சொல்ல மாட்டார்கள்.

எது வந்தாலும் திரும்பி வாருங்கள். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று நான் கேட்க மாட்டேன். இன்றைக்கும் இல்லை, என்றைக்கும் இல்லை. அந்த முருகன் உங்களைக் காப்பாற்றட்டும்.

உங்கள்,
உமா மகேஸ்வரி