திறக்காத வீடியோ

அன்புள்ள அக்கா,

போன வாரம் அனுப்பிய வீடியோ வக்கீலம்மாவின் கம்ப்யூட்டரில் திறக்கவில்லை என்றாயே, அதை வேறு ஃபார்மேட்டுக்கு மாற்றி இந்தப் பென் டிரைவில் வைத்திருக்கிறேன்.

இன்று காய் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, ஹாலில் என் வீட்டுக்காரர் மாட்டிய கேமராவின் கார்டோடு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். பாதி மாறும்போதே அவர் போன் வந்துவிட்டது.

"எங்க இருக்க?"

"காய்கறிக் கடையிலதான்."

"கடையில சத்தத்தையே காணோம்?"

கடைக்காரம்மா சட்டென்று, "ஏம்மா, வெங்காயம் ஒரு கிலோ போதுமா?" என்று கத்தினாள். அவர் வைத்துவிட்டார்.

மாற்றி முடித்ததும், "சரியா ஓடுதான்னு பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அதில் அவர் என்னை அடிப்பது எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் ஜன்னல் திரைச்சீலைக்குக் கீழே இரண்டு சின்னக் கால்கள் தெரிந்தன, அக்கா. பாப்பா தூங்கிவிட்டாள் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

கேஸ் போடும்வரை பொறுத்துக்கொள்கிறேன் என்றேனே, இனி முடியாது. நாளை மறுநாள் பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகிறவள், அப்படியே அவளோடு உன் வீட்டுக்குப் பஸ் ஏறிவிடுவேன். வழியில் அவர் பையைப் பிடுங்கினாலும் இது உன்னிடம் இருக்கட்டும் என்றுதான் முன்னாலேயே அனுப்புகிறேன்.

நாங்கள் உள்ளே வந்ததும் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிடு. ரொம்பப் பயமாக இருக்கிறது.

உன் தங்கை