கரடி தின்ற வாளைக் கருவாடு

அன்புள்ள அம்மாவுக்கு, சாவியோ வணக்கத்துடன் எழுதுவது. அந்தோணியார் புண்ணியத்தில் நலம். உன் முட்டிவலி குறைந்ததா?

ரஷ்யாவின் இந்தக் கடைக்கோடித் தீபகற்பத்தில் கரடி பார்க்க வருபவர்களுக்குப் படகு ஓட்டுகிறேன் அல்லவா, நேற்று கரடியே என்னைப் பார்க்க வந்துவிட்டது. வெயிலைக் கண்டதும், ராயபுரத்தில் இருக்கும் நினைப்பில், நீ கொடுத்தனுப்பிய வாளைக் கருவாட்டை வாசலில் காயப்போட்டுவிட்டேன். மொத்தத்தையும் தின்றுவிட்டது. இன்றும் வந்து அதே இடத்தை மோந்துகொண்டு நிற்கிறது. அதனால்தான் எழுத நேரம் கிடைத்தது.

"மாமு, கதவாண்ட கீது, மூச்சு வுடாத" என்கிறான் என்னோடு வேலை செய்யும் எர்ணாவூர் டில்லிபாபு. கதவு கெட்டியானது, கவலைப்படாதே. காவலரும் துப்பாக்கியோடு வந்துகொண்டிருக்கிறார்.

இனி கருவாடு அனுப்பாதே. நீ குழம்பு வைக்கும் விதத்தை மட்டும் விவரமாக எழுது, படித்துக்கொள்கிறேன்.

கதவைப் பிடிக்கக் கூப்பிடுகிறான். முடிக்கிறேன்.

உன் சாவியோ