வெளியே விட வேண்டிய மூச்சு

ஹார்லிங்கன்,
பிப்ரவரி.

அன்புள்ள யோரிட் அண்ணாவுக்கு,

ஹிஸ்கே எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். நார்வேயில் மீன் வேலை இந்தக் குளிரிலும் நடக்கிறதா என்று அம்மா தினமும் கேட்கிறாள், யாரிடம் கேட்கிறாள் என்றுதான் தெரியவில்லை. உனக்குக் கம்பளிக் காலுறை பின்னியிருக்கிறாள். இந்தக் கடிதத்தோடு வரும். ஒன்று கொஞ்சம் நீளம், அதைப் பெரிதுபடுத்தாதே.

போன் பண்ணியிருக்கலாமே என்று நினைப்பாய். போனில் எனக்கு வார்த்தை வராது. உனக்கும் வராது.

ஆல்ட்யே அத்தை பனியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். பெரிய வெள்ளிக்குத் தேவாலயத்தில் சிலுவைப் பாடுகளின் இசை இருக்கிறது, அவள் ஊதுகிற முதல் ஓபோவுக்கு ஆள் இல்லை. செவ்வாய்க்கிழமை ஒத்திகையில் ஹெய்மன் சார் குச்சியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்து, "என்னம்மா, நீதான் அந்த நாற்காலிக்கு வரணும், முடியும்ல?" என்று கேட்டார். பாடகர் குழு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை, தலையைக் குனிந்துகொண்டேன். அதைச் சரி என்று அவர் எடுத்துக்கொண்டார். "நல்ல பொண்ணு" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

மீன்கடை பௌகே மாமா பின்வரிசையிலிருந்து, "அந்த வீட்டு ஓபோவுக்கு வாசல் பக்கமா நாற்காலி போடுங்கப்பா, போக வர வசதியா இருக்கும்" என்றார். சிலர் சிரித்தார்கள். அப்பா அவருக்குப் பக்கத்தில்தான் நிற்கிறார். பாட்டுப் புத்தகத்தில் ஏதோ பக்கத்தைத் தேடுவதுபோலப் புரட்டிக்கொண்டே இருந்தார்.

எனக்குப் பயமாக இருக்கிறது, அண்ணா. ஸ்ருதி கொடுப்பதே பயம். எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு, நான் ஊதும் ஒற்றைச் சுரத்துக்காகக் காத்திருப்பார்கள். அது நடுங்கினால் வயலினிலிருந்து பெரிய பாஸ் வயலின் வரை அத்தனையும் நடுக்கத்தோடுதான் சேரும். அதையாவது தாங்கிக்கொள்வேன். அந்தப் பாட்டு வருமே, ஒற்றைப் பாடகரும் ஓபோவும் மாறி மாறிப் போகிற பாட்டு, நீ இரண்டு வருடம் முன்னால் பாதியில் எழுந்து போன இடம். அன்று நான் உன் பக்கத்தில் இரண்டாம் ஓபோவோடு உட்கார்ந்திருந்தேன். நீ எழுந்தபோது உன் கோட்டு பட்டு என் தாள்கள் தரையில் விழுந்தன. வடக்குக் கதவு கிறீச்சிட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. குனிந்து தாளைப் பொறுக்கிக்கொண்டிருந்ததால் உன் முகத்தை நான் பார்க்கவில்லை.

அன்று நான் வீட்டுக்கு வந்தபோது நீ போய்விட்டிருந்தாய், உன் ஓபோப் பெட்டி மட்டும் என் கட்டில் மேல் இருந்தது. அதைத்தான் வாசிக்கிறேன்.

ஒரே ஒரு உதவி. ஓபோவைப் பற்றியும் சபையில் வாசிப்பதைப் பற்றியும் நான் என்னென்ன படிக்க வேண்டும் என்று எழுதி அனுப்பு. பள்ளியை விட்டவளுக்குப் புத்தகம் எதற்கு என்று நீ கேட்க மாட்டாய். வகுப்பில் எழுந்து நின்று படிக்கச் சொன்னதால்தான் நான் விட்டேன், படிக்கப் பிடிக்காமல் இல்லை. ஆல்ட்யே அத்தையிடம் கேட்கலாம். ஆனால் ஒருவர் முகத்தைப் பார்த்துக் கேட்டால் கேட்க வந்ததே மறந்துவிடுகிறது. புத்தகம் என் முகத்தைப் பார்க்காது.

நீ நன்றாகச் சாப்பிட வேண்டும் என்று அம்மா சொன்னதாக எழுதச் சொன்னாள். அப்பா தூங்கிவிட்டார்.

பாசமுள்ள தங்கை,
ஹிஸ்கே


ஹார்லிங்கன்,
மார்ச்.

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் வந்தது. நான்கு புத்தகங்களின் பெயர் எழுதியிருந்தாய், கீழே உன் பெயர். நடுவில் வேறு எதுவும் இல்லை. "ஓபோவ விட்டு ரெண்டு வருஷமாச்சு, ஞாபகத்துல இருக்கிறதத்தான் எழுதுறேன்" என்று ஒரு வரி மட்டும். பரவாயில்லை. நீ எப்போதும் அப்படித்தானே.

நூலகத்தில் மூன்று கிடைத்தன. படகுத்துறை உணவகத்தில் மதியக் கூட்டம் போனபின், பட்டாணி சூப் பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஓரமாக உட்கார்ந்து படிக்கிறேன். இன்னும் விரலை வரிக்கு அடியில் வைத்துத்தான் படிக்கிறேன். தீவுக்குப் போகிற ஒருவர் எட்டிப் பார்த்து, "பரீட்சையாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். பொய்யில்லை.

தடிப் புத்தகம் ஓபோவின் பழைய கதை. கோட்டைச் சுவர் மேல் காவல் நின்று ஊதியவர்களின் படங்கள் இருக்கின்றன. எல்லோருக்கும் கன்னம் உப்பிக் கண் பிதுங்கியிருக்கிறது. அவர்களும் பயந்துதான் இருந்திருப்பார்கள் என்று நினைத்தேன். தீ பிடித்தால் அவர்கள்தானே முதலில் ஊத வேண்டும்.

வாயில் வைத்து ஊதும் சீவாளியைச் செய்வது பற்றிய மெல்லிய புத்தகம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அதைப் பார்த்து நாணலைச் சீவினேன். முதலாவது கிழிந்தது. இரண்டாவது வாத்து மாதிரிக் கத்தியது. மூன்றாவதில் கட்டைவிரல் வெட்டுப்பட்டது. நான்காவது பாடுகிறது, அண்ணா. உன் பழைய முட்டைக் கிண்ணத்தில்தான் தண்ணீர் வைத்து ஊறப்போடுகிறேன். அம்மா ஒருநாள் காலை தெரியாமல் அதில் முட்டையை வைத்துவிட்டாள். அப்பா கிண்ணத்தைப் பார்த்தார், முட்டையை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

மேடைப் பயம் பற்றிய மூன்றாவது புத்தகம் உதவவில்லை. சபையில் யாருமே இல்லை, நாற்காலிகள் காலி என்று நினைத்துக்கொள் என்கிறது. காலியான தேவாலயம் எனக்கு இன்னும் பயம்.

நேற்றைய ஒத்திகையைப் பற்றிச் சொல்கிறேன், கோபப்படாதே. தேவாலயம் ஐஸ் பெட்டி மாதிரி இருந்தது. குளிரில் மரம் வெடித்துவிடக் கூடாதே என்று ஓபோவின் மேல்பாகத்தைக் கோட்டுக்குள் அக்குளில் வைத்துத்தான் கொண்டுபோனேன். ஸ்ருதி கொடுத்தேன், பாதி நடுக்கம், பாதி சரி. அந்தப் பாட்டு வந்தது. அதற்கு முன் எல்லோரும் எனக்கு ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள். கிளம்பும்போது வாசலில் அம்மா, "நல்லா மூச்ச இழுத்துக்கோடி, பயம் போயிடும்" என்றாள். ஹெய்மன் சாரும் குச்சியைத் தூக்குமுன், "ஆழமா மூச்சு இழும்மா" என்றார். இழுத்தேன். வாசித்தேன். ஒரு வரி முடிந்ததும் மறுபடி இழுத்தேன், இன்னொரு வரி, மறுபடி. பிறகு நெஞ்சு கல் மாதிரி ஆகிவிட்டது. மூச்சு போதவில்லை என்று நினைத்து இன்னும் இழுத்தேன். உள்ளே போக இடமில்லை. காது அடைத்துக்கொண்டது, தாளில் கோடுகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தன. எழுந்து ஓட வேண்டும் போல் இருந்தது. கால் தானாகவே வடக்குக் கதவுப் பக்கம் திரும்பியது. ஓடவில்லை. எழுந்து நிற்க முடிந்திருந்தால் ஓடியிருப்பேன்.

வாசிப்பை நிறுத்திவிட்டேன். ஹெய்மன் சார் சும்மா, "சரி, தேநீர் குடிச்சிட்டு வருவோம்" என்றார். பௌகே மாமா கிண்டல்கூடப் பண்ணாமல் என்னைக் கடந்து போனார். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அண்ணா, அன்று உனக்கும் இப்படித்தான் இருந்ததா? பதில் எழுத வேண்டாம் என்றால் வேண்டாம்.

நான்காவது புத்தகம் நம் நூலகத்தில் இல்லை. நூலகத்து அம்மாள் தேடிப் பார்த்துவிட்டு, "இது புத்தம் புதுசும்மா. போன இலையுதிர் காலத்துலதான் அச்சாகியிருக்கு. லீவார்டன்லேர்ந்துதான் வரவழைக்கணும். யாரு சொன்னா உனக்கு இதை?" என்று கேட்டார். அண்ணன் என்றேன். "உங்கண்ணன் ஓபோ வாசிக்கிறவரா?" என்றார். நான் வரவழைக்கும் சீட்டில் கையெழுத்துப் போட்டேன்.

ஓபோவை விட்டு இரண்டு வருடமாயிற்று என்று எழுதியிருக்கிறாய். புத்தகம் வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. நான் எதுவும் கேட்கவில்லை, அண்ணா. எனக்குத் தெரிந்துவிட்டது என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

அங்கே நீண்ட இருட்டு போய் வெளிச்சம் வர ஆரம்பித்திருக்கும். கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொள்.

உன்,
ஹிஸ்கே


ஹார்லிங்கன்,
பெரிய வெள்ளிக்கு முந்தைய வாரம்.

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ பதில் எழுதவில்லை. அதனால் நான் மறுபடி எழுதுகிறேன்.

நான்காவது புத்தகம் வந்தது. அதில் மூச்சைப் பற்றி ஒரு அத்தியாயம் இருக்கிறது. நீ படித்திருப்பாய். படிக்காமலா எனக்குச் சொல்லியிருப்பாய்? புல்லாங்குழல்காரருக்குக் காற்று தீர்ந்துபோகும், ஓபோக்காரருக்குத் தீராது என்கிறது. சீவாளியின் வாய் அவ்வளவு சிறியது, கொஞ்சம்தான் வெளியே போகும். மிச்சம் நெஞ்சிலேயே நின்று கெட்டுப்போகும். அதன்மேல் இன்னும் இழுத்தால் நிறைந்த குடத்தில் தண்ணீர் ஊற்றுவது மாதிரி. தலை சுற்றும், கண் இருட்டும், செத்துவிடுவோம் என்று உடம்பு நினைத்துக்கொள்ளும். அதனால் ஓபோ வாசிப்பவர் முதலில் மூச்சை வெளியே விட வேண்டும், பிறகுதான் இழுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. விடும் இடத்தை முன்பே முடிவு செய்து வைக்க வேண்டுமாம்.

படித்துவிட்டுப் பானைகளுக்கு நடுவில் அழுதேன். இதை யாரும் உனக்கு அப்போது சொல்லவில்லையே. உன்னையும் எல்லோரும் இழு, இழு என்றுதானே சொல்லியிருப்பார்கள். நீ கோழை என்று ஊர் பேசியது. அப்பாவின் பிள்ளைக்கு முதுகெலும்பு இல்லை என்று பேசியது. உன் நெஞ்சு நிறைந்துபோய் நீ வெளிக்காற்றுக்கு ஓடியிருக்கிறாய். அவ்வளவுதானே?

ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்தேன். நம்ப மாட்டாய். சாப்பாட்டு மேசையில் அம்மா சர்க்கரை ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தாள். அப்பா வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். நான் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைச் சத்தமாகப் படித்தேன். விரலை வைத்துத்தான். இரண்டு இடத்தில் நாக்கு சிக்கியது. சிக்கிய சொல்லை மறுபடி முதலிலிருந்து படித்தேன். வகுப்பில் செய்ய முடியாததை அப்பாவுக்கு எதிரில் செய்தேன். பக்கம் முடியும்வரை யாரும் என்னை நிறுத்தவில்லை.

அப்பா கத்தியைக் கீழே வைத்தார். "அந்தக் கடைசி வரிய இன்னொரு தரம் படி" என்றார். படித்தேன். "அப்போ அவனுக்கு..." என்று ஆரம்பித்தார். ரொட்டியைச் சாப்பிடாமல் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மா என்னைப் பார்த்து, "என்னடி இது" என்று மட்டும் கேட்டாள். அதட்டிக் கேட்கவில்லை.

தப்பாகச் செய்துவிட்டேனோ என்று இரவெல்லாம் பயம். உன் பேரை நான் சொல்லவில்லை, ஆனால் உன் பேர்தான் மேசையில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை ஒத்திகைக்குச் சீக்கிரம் போனேன். அப்பா எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். வடக்குக் கதவுப் பக்கம் ஏணி போட்டு, கீல்களுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்ற பௌகே மாமா, "இந்தக் கதவு நம்ம தாத்தா காலத்துலேர்ந்து கத்துது, இப்ப என்ன திடீர்னு உனக்கு?" என்று கேட்டார். அப்பா, "ஏணிய ஆட்டாம பிடி" என்றார். கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். சத்தமே இல்லை. திரும்பி என்னைப் பார்த்து, "இனிமே யாரு வந்தாலும் போனாலும் கேட்காது" என்றார். ஏணியை மடக்கினார்.

அது எனக்காகவா, உனக்காகவா என்று நான் கேட்கவில்லை. நான் ஓடினால் ஊருக்குக் கேட்கக் கூடாது என்று செய்தாரா என்று முதலில் நினைத்தேன். பிறகு, யாராவது திரும்பி வந்தாலும் கேட்காதே என்றும் நினைத்தேன்.

அன்று அந்தப் பாட்டில் இரண்டு இடத்தில் மூச்சை வெளியே விட்டேன். ஹெய்மன் சார் தாளத்தை எனக்காகக் கொஞ்சம் நிறுத்தினார். கடைசிவரை வாசித்தேன். நன்றாக வாசித்தேனா என்று தெரியாது. முடிந்ததும் பௌகே மாமா, "பொண்ணு உட்கார்ந்தே இருக்காப்பா" என்றார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அவரும் கிண்டலாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

ஆனால் அது ஒத்திகை. பெரிய வெள்ளியன்று ஊரே இருக்கும். நான்கு புத்தகம் படித்தும் பயம் போகவில்லை, அண்ணா. கெட்ட கனவில் சீவாளி வாயில் ஒட்டிக்கொள்கிறது. எந்தப் புத்தகத்திலும் ஒரு விஷயம் இல்லை, அதனால் உன்னிடம்தான் கேட்க வேண்டும்: உனக்குத் தெரிந்த ஒருவர் அங்கே எங்கேயோ நிற்கிறார் என்று தெரிந்தால் பயம் கூடுமா, குறையுமா?

உனக்குத் தெரியும், பெரிய வெள்ளியன்று இசை முடிந்ததும் நம் ஊரில் யாரும் கைதட்ட மாட்டார்கள். கடைசிச் சுரம் போனபின் எல்லோரும் குனிந்த தலையோடு உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரத்தில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வடக்குத் தூணுக்குப் பின்னால் ஒருவர் நின்றால் பாடகர் குழுவுக்குத் தெரியாது. அப்பா நிற்கிற இடத்திலிருந்தும் தெரியாது. முதல் ஓபோ நாற்காலியிலிருந்து மட்டும் தெரியும். நான் உட்கார்ந்து பார்த்தேன்.

நீ கப்பல் ஏற இன்னும் நேரம் இருக்கிறது. அம்மா உன் படுக்கை விரிப்பை வெயிலில் போட்டிருக்கிறாள், சும்மா தூசி தட்டத்தான் என்கிறாள்.

வருவதும் வராததும் உன் விருப்பம். வருவதாக இருந்தால் ரொம்ப யோசிக்காதே. முதலில் மூச்சை வெளியே விட்டுவிடு, அண்ணா. பிறகு கிளம்பு.

இப்படிக்கு,
நாற்காலியில் உட்கார்ந்தே இருக்கப் பார்க்கும் உன் தங்கை,
ஹிஸ்கே