பிடுங்கிப் பார்க்காத கொம்பு

மழை வளமும் மலை வளமும் குறையாத தண்பொறை நாட்டின் மாதேவியார், எம் கோமகனின் உடன்பிறந்த நங்கையார், பூதிமாதேவியார் திருமுன்னர், ஆழியூர் அமைச்சன் எயினன் பணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் நாட்டில் மாரி பொழிக. கன்றும் காலியும் பெருகுக. தங்கள் குடைநிழல் நீள்க. கோமகனின் நலம் குறித்துத் தாங்கள் வினவியதற்கு விடை இவ்வோலையின் கடைசியில் வரும். அதுவரை பொறுத்தருள வேண்டும். நடந்ததைச் சொல்லாமல் விடையை மட்டும் சொன்னால் தாங்கள் நம்ப மாட்டீர்கள்.

மூட்டுவலியால் தமையனார் கண்ணயராது தவிப்பது கேட்டு, தங்கள் மருத்துவர் லேகியம் கிண்டும் கஞ்சாச் செடியைத் தாங்கள் அனுப்பி வைத்தீர்கள். நாற்றுகள் தொன்னைகளில் வந்தன. தாய்ச்செடியிலிருந்து நறுக்கிய கிளைக்கொம்புகள் ஈர வாழைப்பட்டையில் வந்தன. பிறர் கை படாதிருக்க அரண்மனைக்குள்ளேயே வளர்க்கவும் பணித்திருந்தீர்கள். அப்பொறுப்பு உள்முற்றத்து அதிகாரி சாத்தன் கடம்பனிடம் சேர்ந்தது. கடம்பன் நல்லவர், நேர்மையில் அவரை விஞ்ச ஆளில்லை. வந்த வினையே அந்த நேர்மைதான்.

ஆழியூரின் வழக்கம் இங்கே பிறந்து வளர்ந்த தாங்கள் அறிந்ததே. ஏரிக்கரை உறுதியாயிருக்கிறது என்று ஒருவன் பாராமலே சொல்ல, அதை நம்பி ஊர் மூழ்கிய காலந்தொட்டு, கண்ணால் காணாததை எவரும் அரசருக்கு உரைக்கலாகாது. கேட்ட கேள்விக்குப் பார்க்கவில்லை என்பவர் தம் பதவி மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட வேண்டும். கோமகனோ வலியின் அவசரத்தில், வேர் பிடித்ததா என்று காலைதோறும் வினவத் தொடங்கினார்.

கடம்பன் செய்ததில் குறை சொல்ல முடியாது. வெயில் தாழ்ந்தபின், வேரை ஒட்டிய மண் உதிராமல் நாற்றுகளை நட்டு, ஓலைப்பந்தல் போட்டார். கொம்புகளைக் கணுவுக்குக் கீழே சரிவாய் நறுக்கி, அடியிலைகளைக் கிள்ளி, ஈர மணலில் ஊன்றினார். இவ்வளவும் செய்துவிட்டு, விடிந்ததும் ஒவ்வொன்றையும் பிடுங்கிப் பார்த்தார், திரும்ப ஊன்றினார், உள்ளதை உள்ளபடி கோமகனிடம் சொன்னார். மறுநாளும் அவ்வாறே செய்தார்.

நாற்றுகள் முதலில் தலை சாய்ந்தன. கொம்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வாடின. முற்றத்து மண் பொல்லாதது என்றனர் சிலர். மலைச்செடிக்குக் கடற்காற்று ஆகாது என்றனர் சிலர். ஒருநாள் பிடுங்கிய கொம்பின் அடியில் வெள்ளை வேர்முனை கண்டு மகிழ்ந்த கடம்பன், திரும்ப ஊன்றுகையில் அது மணல் பட்டு ஒடிவதையும் கண்டார். மிஞ்சியிருந்தது ஒரே கொம்பு. மலைப்பாதை மழையில் அடைபட்டுப்போனதால் வேறு கொம்பு வர வழியில்லை. அதுவும் போனால் கோமகன் மாரிக்காலம் முழுவதும் உறக்கமின்றிக் கிடக்க வேண்டியதுதான்.

மறுநாள் அவையில் கோமகன் வழக்கம்போல் கேட்டார். கடம்பன் கைகூப்பி நின்று, "பார்க்கவில்லை, கோமகனே. பார்த்தால் செத்துவிடும்" என்றார். அவர் தாமே மோதிரத்தைக் கழற்றிப் பீடத்தில் வைத்தார். விரலில் அது கிடந்த இடம் வெளுத்திருந்தது. வழக்கத்தை மீறவும் கோமகனுக்கு மனமில்லை, கொம்பை இழக்கவும் மனமில்லை. முடிவில், மோதிரம் பீடத்திலேயே இருக்கட்டும், கடம்பன் முற்றத்திலேயே இருக்கட்டும், இனி நாமும் கேட்கப்போவதில்லை என்று ஆணையிட்டார்.

கேட்காமலிருப்பது தங்கள் தமையனாருக்கு எவ்வளவு கடினம் என்பதைத் தாங்களே அறிவீர்கள். நாள்தோறும் நொண்டி நொண்டி முற்றத்துக்கு வருவார், அந்த ஒற்றைக் கொம்பை உற்றுப் பார்ப்பார், பெருமூச்சுவிட்டுத் திரும்புவார். ஒருநாள் அதன் நுனியில் புதுத் துளிர் விரிந்தது. பழக்கதோஷத்தில் கடம்பனின் கை பிடுங்கப் போனது. கோமகனே அவர் மணிக்கட்டைப் பற்றி நிறுத்தி, துளிர் போதும் என்றார்.

பின்னொரு மாலையில் அதை மணற்கட்டியோடு பெரிய தொட்டிக்கு மாற்றுகையில், கடம்பன் தம் கண்களை இறுக மூடிக்கொண்டார். வேரைப் பார்த்தால் சொல்ல வேண்டிவரும், சொன்னால் மறுபடி தினமும் கேட்பார்கள் என்ற அச்சம் அவருக்கு. அதைக் கண்டு கோமகன் வாய்விட்டுச் சிரித்து, மோதிரத்தைத் தம் கையாலேயே அணிவித்தார். மண்ணுக்குள் இருப்பதைப் பற்றி எந்த அதிகாரியையும் வினவலாகாது என்பது இப்போது ஆழியூரின் சட்டம்.

செடி தழைத்துப் பூத்தது. இங்கேயே கிண்டிய லேகியமும் கோமகனுக்கு ஒத்துக்கொண்டது. மலைப்பாதை திறந்ததும் வந்த தங்கள் ஓலை, அண்ணன் உறங்குகிறாரா என்று கேட்கிறது. இந்த உச்சிப்பொழுதில் பள்ளியறைக் கதவு சாத்தியிருக்கிறது. குறட்டை ஓலைமண்டபம் வரை கேட்கிறது.

இவ்வோலையில் கோமகனின் திருமுத்திரை இருந்திருக்க வேண்டும். எழுப்ப மனமில்லாமல் எளியேன் இலச்சினையையே இட்டு, வாசலைக் கடக்கும்வரை குதிரையைக் கையில் பிடித்து நடத்திச் செல்லத் தூதனுக்கு ஆணையிட்டு விடுக்கிறேன். உறங்குகிறார், தாயே. கதவைத் திறந்து பார்க்கவில்லை.