லெஸ்டரில் எழுதிய கலியாணம்

அன்பு மகள் ஹிமாயாவுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் இங்கு எல்லோரும் சுகம், நீயும் மருமகன் இஹ்ஸானும் லெஸ்டர் குளிரில் சுகமாக இருக்க துஆச் செய்கிறோம். போனில் கதைத்தால் உன் வாப்பா இடையில் புகுந்து பாதியைத் தானே சொல்லிவிடுவார், அதனால்தான் லீவு முடிந்து அங்கே திரும்பும் ஹிஷாமிடம் இதைக் கொடுத்து விடுகிறேன்.

உன் மாமா மீராசா எங்கள் தலையில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். இங்கிலாந்தில் எழுதிய கலியாணம் இங்கே செல்லாது, இங்குள்ள பதிவாளரிடம் மறுபடி காவின் எழுதாமல் சீதன வீட்டை மகளுக்கு எழுதவும் முடியாது, மாப்பிள்ளையை அந்த வீட்டுக்கு எடுக்கவும் முடியாது என்றார். வாப்பா அன்றைக்கே விவாகப் பதிவாளருக்குச் சொல்லி, நீங்கள் ஊருக்கு வரும் கிழமையில் நாள் வைத்து, பாலமுனைச் சம்பந்திமாருக்கும் அறிவித்து, விருந்துக்குக் கிடாயும் பேசிவிட்டார். எனக்குப் பயம் ஒரு பக்கம், சொன்னால் சிரிப்பாய், உள்ளுக்குள் சந்தோஷம் மறுபக்கம். உன் நிக்காஹ்வைப் போனில்தானே பார்த்தேன், இந்த முறை பக்கத்தில் இருக்கலாமே என்று.

பிறகு காரைதீவுச் சட்டத்தரணி சிவரூபினியிடம் போனோம். உங்கள் கடதாசிகளைப் பார்த்துவிட்டு அந்தப் பிள்ளை சிரித்தது. "அந்த நாட்டுச் சட்டப்படி ஒழுங்கா முடிஞ்ச கலியாணம் இஞ்சயும் செல்லும். பிறகென்னத்துக்கு ரெண்டாந்தரம்?" என்றது. பள்ளிவாசலில் நிக்காஹ்வோடு நிற்காமல் அங்குள்ள பதிவாளரிடமும் எழுதியது நல்ல வேலையாம். ஆனால் நிலத்துக்கு, அது கிடக்கிற நாட்டின் சட்டம்தானாம். ஆகவே வீட்டு உறுதிப் பத்திரத்தை இங்குள்ள நொத்தாரிசுதான் எழுத வேண்டும், நீ வந்து ஏற்றுக் கையெழுத்து வைத்தால் வீடு உனக்கு. மாமா அங்கிருந்து வெளியே வந்ததிலிருந்து வெயிலைப் பற்றி மட்டுமே கதைக்கிறார்.

நல்ல செய்திதான், இருந்தும் வரும் வழியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. வாப்பா கண்டுகொண்டார். "கலியாணம் இல்லாட்டி என்ன, சோறு இருக்குதானே" என்றார். அதனால் விருந்து விருந்தாகவே நடக்கும். நீ மருதோண்டி போட்டு, நிக்காஹ்வுக்கு உடுத்த அந்தச் சிவப்புச் சாரியை உடுத்து என் பக்கத்தில் இருந்தால் எனக்குப் போதும் மகள்.

அல்லாஹ் உங்கள் இருவருக்கும் பறக்கத் செய்வானாக. பாஸ்போட்டையும் அடையாள அட்டையையும் பெட்டியில் போடாமல் கைப்பையில் வை. பதிவாளரை வர வேண்டாம் என்று சொல்ல வாப்பாவுக்கு வாய் வரவில்லை. பதிவுப் புத்தகத்தை அவர் வீட்டிலேயே வைத்துவிட்டுச் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறார்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்
உம்மா ஸுல்பிகா
கல்முனை